தோலில் பூசின கஞ்சா: தடையில் தொலைந்த ஒரு மருந்தின் கதை

வடக்கில் பத்திரிகை வாசிக்கிற ஆக்களுக்கு ‘கஞ்சா’ என்ற சொல் தனியாக வாறதில்லை. முன்னால ‘கேரள’ என்று ஒரு சொல் வரும், பின்னால ‘கைப்பற்றப்பட்டது’ என்று ஒரு சொல் வரும். நடுவில ஒரு படகு, சில பொதிகள், கிலோக் கணக்கு. இந்தச் செய்திக்கு நாங்கள் நல்லாப் பழகிவிட்டோம். அதே கைத்தொலைபேசியில் அடுத்த நிமிடமே இன்னொரு கஞ்சா வருகிறது. அழகான வெள்ளைக் குப்பி, அதில பச்சை இலை, ‘சி.பி.டி. கிறீம்’ என்று பெயர். முகப்பரு, எக்சிமா, சொரியாசிஸ் எல்லாம் மாறும் என்று விளம்பரம். கனடாவில் இருந்தோ லண்டனில் இருந்தோ வந்த சொந்தக்காரர் ஆராவது இப்படி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்த வீடுகளும் இருக்கும்.

ஒரே செடி. ஒரு பக்கத்தில் நஞ்சு, மற்றப் பக்கத்தில் அமிர்தம். இரண்டு பக்கத்திலயும் சத்தம் கூட, விசயம் குறைவு.

இந்தக் கட்டுரையில் கஞ்சாவைப் புகைக்கிறது பற்றி நாங்கள் கதைக்கப் போறதில்லை. அழற்சியில் சிவந்து, வீங்கி, கடிக்கிற தோலுக்கு இந்தச் செடியை வெளிப்பூச்சாகப் பாவித்த வரலாற்றைத்தான் பார்க்கப்போகிறோம். அது எங்கிருந்து வந்தது, ஏன் காணாமல் போனது, திரும்பி வரேக்க எந்த வேசத்தில வந்தது என்பதுதான் கேள்வி. அந்தக் கதை எங்கட தீவையும் தொட்டுத்தான் போகிறது.

அநுராதபுரத்துக் குளத்துத் தண்ணீர்

ரொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேய இளைஞனை 1660இல் கொட்டியாரக் குடாவில், அதாவது இன்றைய மூதூர்ப் பக்கத்தில், கண்டி அரசனின் ஆட்கள் பிடித்தார்கள். கிட்டத்தட்ட 20 வருடம் கண்டி இராச்சியத்துக்குள் கைதியாக இருந்தார். 1679இல் அநுராதபுரக் காடுகளைக் கடந்து, மன்னாரில் அரிப்புக் கோட்டையில் இருந்த ஒல்லாந்தரிடம் போய்ச் சேர்ந்தார். 1681இல் அவர் வெளியிட்ட புத்தகத்தை எங்கட வரலாற்றுப் பாடத்தில் எல்லாரும் கேள்விப்பட்டிருப்போம்.

அந்தப் புத்தகத்தில் அதிகம் கவனிக்கப்படாத ஓர் இடம் இருக்கு. தப்பிப் போக வழி தேடி வடக்குப் பக்கமாகப் பொருட்களை விற்றுக்கொண்டு அலைந்த காலத்தில், குளத்துத் தண்ணீரைக் குடித்து நொக்சும் தோழரும் திரும்பத் திரும்பக் காய்ச்சலில் விழுந்தார்கள். கடைசியில் ஒரு மருந்தை அறிந்துகொண்டார்கள். போர்த்துக்கேயர் ‘பங்கா’ என்று சொன்ன ஒரு காய்ந்த இலையைத் தூளாக்கி, சர்க்கரையோடு சேர்த்துக் காலையும் மாலையும் வெறும் வயிற்றில் தின்றார்கள். தலை சுற்றும், மயக்கம் வரும், ஆனால் அதுக்குப் பிறகு வருத்தம் வரவில்லை என்று எழுதியிருக்கிறார். அந்த இலை கஞ்சா.

லண்டனுக்குத் திரும்பிய நொக்சுக்கு விஞ்ஞானி ரொபேட் ஹூக் நெருங்கிய நண்பர். கலத்துக்கு ஆங்கிலத்தில் பெயர் வைத்தவர் என்று ஓ.எல். விஞ்ஞானத்தில் படித்தோமே, அதே ஹூக்தான். 1689 டிசம்பரில் அவர் லண்டன் ரோயல் சொசைட்டியில் இந்தச் செடி பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். இதைப் பலமுறை தானே உட்கொண்ட ஒருவர் சொன்ன தகவல் என்றார், பெயர் சொல்லவில்லை. அது நொக்ஸ்தான் என்று ஹூக்கின் நாட்குறிப்பை வைத்து ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஆங்கில விஞ்ஞான சபையில் கஞ்சா பற்றிப் பேசப்பட்ட முதல் விரிவான உரைகளில் ஒன்றுக்கு மூலம், எங்கட உலர்வலயத்தில் பெயர் தெரியாத ஆரோ ஒருவர் சொல்லிக்கொடுத்த கைமருந்து.

அது உள்ளுக்கு எடுத்த மருந்து. வெளிப்பூச்சு அதுக்கு முதலே ஐரோப்பாவில் இருந்தது. அங்கே கயிறுக்கும் பாய்த்துணிக்கும் வளர்த்த, போதை குறைந்த கஞ்சாவினம் ஊரெல்லாம் நின்றது. 17ஆம் நூற்றாண்டு ஆங்கில மூலிகை வைத்தியர் நிக்கலஸ் கல்பெப்பர், அதன் பச்சைச் சாற்றை எண்ணெயோடும் வெண்ணெயோடும் கலந்து தீப்புண்ணில் பூசச் சொன்னார். வேரை அவித்த நீர் அழற்சியைத் தணிக்கும் என்றார். இந்தியாவில் இலையை அரைத்து மூலத்துக்கும் வீக்கத்துக்கும் பத்துப் போடுகிற வழக்கம் இருந்ததை 19ஆம் நூற்றாண்டு மருந்து நூல்கள் பதிவு செய்திருக்கின்றன. சித்த மருத்துவத்தில் இந்தச் செடிக்குச் சிவமூலி, கோரக்கர் மூலி என்றெல்லாம் பெயர்கள் உண்டு.

ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஊர்களில் ஒரே செடியை ஒரே மாதிரிப் பாவித்திருக்கிறார்கள் என்றால் அது வேலை செய்யும் என்று உடனே முடிவெடுக்க ஏலாது. பல ஊர்களில் ஆட்கள் இரத்தம் குத்தி எடுத்தும் வைத்தியம் செய்தார்கள். ஆனால் தேடிப் பார்க்க வேண்டிய ஓர் இடம் இது என்று சொல்ல அது காணும்.

பச்சை நிறக் கால் ஆணி மருந்து

மேற்கத்திய மருத்துவத்துக்குள் கஞ்சாவை முறையாகக் கொண்டுபோனவர் வில்லியம் புரூக் ஓ’ஷோனசி. அயர்லாந்துக்காரர், கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர். (இந்தியாவில் தந்திக் கம்பி போட்டதும் இவர்தான், பிரித்தானிய அரசு ‘சேர்’ பட்டம் கொடுத்தது அதுக்காகத்தான்.) 1839இல் அவர் வெளியிட்ட ஆய்வு அன்றைய கணக்கில் ஒழுங்கானது. உள்ளூர் வைத்தியர்களையும் பழைய நூல்களையும் கேட்டறிந்தார், பிறகு விலங்குகளில் பரிசோதித்தார், கடைசியாகத்தான் நோயாளிகளுக்குக் கொடுத்தார். வாதம், ஏற்பு வலி, வாந்திபேதி எல்லாத்திலும் பார்த்தார். 1840களில் லண்டன் மருந்துக்கடைகளில் கஞ்சாச் சாரம் விற்பனைக்கு வந்துவிட்டது.

அதன் பிறகு ஒரு நூறு வருடம் கஞ்சா சாதாரண பாமசிப் பொருள். இதில் எங்கட கதைக்கு முக்கியமானது கால் ஆணி மருந்து. சலிசிலிக் அமிலத்தையும் கஞ்சாச் சாரத்தையும் கொலோடியன் என்ற, காய்ந்தால் தோல் மாதிரிப் படிகிற திரவத்தில் கலந்து, தூரிகையால் கால் ஆணியில் பூசுவார்கள். கஞ்சாச் சாரம் சேர்ந்ததால் மருந்து பச்சையாக இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் ஏராளமான வீடுகளில் இந்தப் பச்சைக் குப்பி இருந்தது. அந்த வீட்டு ஆட்களைக் கேட்டால் தாங்கள் கஞ்சா பாவிக்கிறோம் என்றே சொல்லியிருக்க மாட்டார்கள். அது கால் ஆணி மருந்து, அவ்வளவுதான்.

உண்மையில் ஆணியைக் கரைத்தது சலிசிலிக் அமிலம். இண்டைக்கும் எங்கட பாமசிகளில் கால் ஆணிக்குத் தருவது அதைத்தான். கஞ்சா நோவைக் குறைக்கும் என்று நம்பிச் சேர்த்தார்கள். குறைத்ததா இல்லையா என்று ஒருத்தரும் தனியாகப் பிரித்துப் பார்க்கவில்லை. இதை மனதில் வைத்திருங்கோ, கட்டுரையின் கடைசியில இதே கேள்வி திரும்பி வரும்.

ஜெனீவாவில் ஒரு கையெழுத்து

1893–94இல் பிரித்தானிய இந்திய அரசு ‘இந்தியக் கஞ்சா ஆணைக்குழு’ ஒன்றை அமைத்தது. 1,193 பேரிடம் சாட்சியம் எடுத்தார்கள். அளவாகப் பாவித்தால் பெரிய தீங்கில்லை, முழுத்தடை தேவையில்லை என்று அறிக்கை சொன்னது. காலனி அரசுக்குக் கஞ்சா வரியில் வருமானம் இருந்தது என்பதையும் நாங்கள் மறக்கக்கூடாது. ஆனாலும் அவ்வளவு பேரைக் கேட்டு எழுதின அறிக்கை அது.

1924–25இல் ஜெனீவாவில் அபினி பற்றி ஒரு சர்வதேச மாநாடு கூடியது. நிகழ்ச்சி நிரலில் கஞ்சாவே இல்லை. எகிப்தின் பிரதிநிதி முகமட் எல் கின்டி எழும்பி, ‘அபினியைவிட ஹஷிஷ் ஆபத்து, அதையும் சேருங்கோ’ என்று வாதாடினார். மாநாட்டில் இருந்த பலருக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது. 30 வருடத்துக்கு முந்தின ஆணைக்குழு அறிக்கையின் முடிவு அங்கே எடுபடவில்லை. 1925 பெப்ரவரியில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் ‘இந்தியக் கஞ்சா’வும் ஏறிவிட்டது.

அதுக்குப் பிறகு வரிசையாக நடந்தது. பிரித்தானியா சட்டம் போட்டது. காலனி இலங்கையில் 1929இன் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின் மற்றும் அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் வந்தது. இண்டைக்கும் எங்கட நீதிமன்றங்களில் கஞ்சா வழக்குகள் போகிறது பலமுறை திருத்தப்பட்ட அதே சட்டத்தில்தான். பிரித்தானிய மருந்துக் கோவையில் இருந்து 1932இல் கஞ்சா நீக்கப்பட்டது. அமெரிக்கா 1937இல் வரிச்சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அமெரிக்க மருத்துவர் சங்கத்தின் சார்பில் வில்லியம் வூட்வேர்ட் என்ற மருத்துவர் போய் எதிர்த்தார், எடுபடவில்லை. 1942இல் அமெரிக்க மருந்துக் கோவையில் இருந்தும் கஞ்சா போய்விட்டது.

கஞ்சா மருந்துகள் மறைந்ததுக்குத் தடை மட்டும் காரணம் இல்லை. செடிக்குச் செடி வீரியம் மாறும், ஒரு போத்தல் வேலை செய்யும், அடுத்த போத்தல் செய்யாது. அஸ்பிரின் வந்த பிறகு வைத்தியர்கள் தாங்களாகவே கைவிடத் தொடங்கினார்கள். கஞ்சாவில் எந்த இரசாயனம் வேலை செய்கிறது என்றே அப்ப ஆருக்கும் தெரியாது. ஆனால் ‘வேலை குறைவு’ என்று ஒரு மருந்தைக் கைவிடுவது ஒன்று. ‘ஆராயவும் கூடாது’ என்று கதவைப் பூட்டுவது வேறொன்று. சட்டம் செய்தது இரண்டாவதை.

ஒலொமோட்சின் களிம்பு

இந்த வரலாற்றில் எங்களை அதிகம் நிறுத்தி வைத்த இடம் இது.

1950களின் செக்கோஸ்லோவாக்கியா. மொராவியாப் பகுதியில் ஒலொமோட்ஸ் என்ற பழைய நகரம். அங்கே பலட்ஸ்கி பல்கலைக்கழகத்தில் யான் கபெலிக் என்ற பேராசிரியர், எந்தெந்தத் தாவரங்களுக்குப் பற்றீரியாவைத் தடுக்கும் சக்தி இருக்கு என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரோடு ஸ்டெனியேக் கிரெய்ச்சி, இரசாயனவியலாளர் பிரான்டிஷெக் ஷான்தவி. பார்த்தவற்றில் உள்ளூர் வயலில் நாருக்கு வளர்த்த கஞ்சாவின் சாறு முன்னுக்கு வந்தது. பென்சிலினுக்கு அடங்காத ஸ்ரபிலோகொக்கஸ் பற்றீரியாவையும் அது தடுத்தது.

1955இல் கிரெய்ச்சியும் ஷான்தவியும் அதில் வேலை செய்கிற அமிலத்தைப் பிரித்தெடுத்து அறிவித்தார்கள். இண்டைக்குக் கன்னாபிடியோலிக் அமிலம் என்கிறோம். விளம்பரங்களில் வருகிற சி.பி.டி., பச்சைச் செடியில் பெரும்பாலும் இந்த அமிலமாகத்தான் இருக்கிறது, சூடாக்கினால் சி.பி.டி.யாக மாறும். இதுக்குப் போதை இல்லை. போதை தருவது ரி.எச்.சி. என்ற இன்னொரு பொருள்.

அவர்கள் ஆய்வுகூடத்தோடு நிற்கவில்லை. களிம்பாகவும் கரைசலாகவும் செய்து அங்கேயே மருத்துவர்களிடம் கொடுத்தார்கள். தீப்புண், உதட்டுக் கொப்புளம், காதுச் சீழ், பால் கொடுக்கிற தாய்மாரின் முலைக்காம்பு வெடிப்பு — இதுகளுக்குப் பாவித்தார்கள். பிரேதப் பரிசோதனை செய்யும்போது பெருவிரலில் காயப்பட்ட ஒரு மருத்துவரின் கதையையும் எழுதியிருக்கிறார்கள். எந்த நுண்ணுயிர்க்கொல்லிக்கும் அடங்காத தொற்று, விரலை வெட்ட வேண்டிய நிலை. கஞ்சாக் களிம்பில் மாறியது என்கிறார்கள். ஒரு நோயாளியின் கதை சான்று இல்லைத்தான். ஆனால் மேலும் பரிசோதிக்க அது நல்ல காரணம்.

மேலும் பரிசோதனை நடந்ததா? பெரிதாக இல்லை. ஆய்வுகளில் பல செக் மொழியில் இருந்தன. புதுப் புது நுண்ணுயிர்க்கொல்லிகள் மலிவாக வந்துகொண்டிருந்தன. மூன்று பேரும் தங்கள் வேலையின் சுருக்கத்தை ஆங்கிலத்தில் 1960இல் வெளியிட்டார்கள். வெளியிட்ட இடம், ஐக்கிய நாடுகள் சபை போதைப்பொருள் கட்டுப்பாட்டுக்காக நடத்திய சஞ்சிகை! அடுத்த வருடம், 1961 மார்ச்சில், அதே ஐ.நா.வின் கீழ் போதைப்பொருட்கள் பற்றிய தனி ஒப்பந்தம் கையெழுத்தானது. அதில் கஞ்சாவை ஹெரோயினோடு நான்காம் அட்டவணையில் போட்டார்கள். ஆபத்து மிகக் கூட, மருத்துவப் பயன் சொல்லும்படி இல்லை என்கிற வகைக்கான அட்டவணை அது. தன் சஞ்சிகையில் தானே பதிப்பித்த களிம்பை ஐ.நா.வே மறந்த கதை என்று சொல்லலாம்.

அந்த நான்காம் அட்டவணையில் இருந்து கஞ்சா வெளியே வந்தது 2020 டிசம்பர் 2ஆம் திகதி. 27 நாடுகள் ஆதரவு, 25 எதிர்ப்பு, ஒன்று ஒதுங்கியது. இரண்டு வாக்கு வித்தியாசம். எடுத்த காலம் கிட்டத்தட்ட 60 வருடம்.

மிளகாய் எரிவும் கவரிங் தோடும்

ஒலொமோட்சின் நூல் முழுதாக அறவில்லை. 1970களில் கிரெய்ச்சியோடு வேலை செய்யத் தொடங்கிய இளைஞர் லூமிர் ஹனுஷ், 1990இல் ஜெருசலேமுக்குப் போனார். அங்கே 1964இலேயே ரி.எச்.சி.யைத் தனியாகப் பிரித்து அதன் கட்டமைப்பைச் சொன்ன ரஃபாயேல் மெக்கூலமின் ஆய்வுகூடம் இருந்தது. 1992இல் ஹனுஷ், வில்லியம் டெவேன், மெக்கூலம் குழுவினர் பன்றியின் மூளையில் இருந்து ஒரு பொருளைப் பிரித்தார்கள். எங்கட உடம்பே செய்கிற, கஞ்சாப் பொருள் போல வேலை செய்கிற மூலக்கூறு. ‘ஆனந்தம்’ என்ற சொல்லில் இருந்து அதுக்கு ‘ஆனந்தமைட்’ என்று பெயர் வைத்தார்கள்.

செடியில் உள்ள கன்னாபினொயிட்டுகள் ஏன் எங்களில் வேலை செய்கின்றன என்பதுக்கு அப்பதான் விளக்கம் கிடைத்தது. உடம்பில் இதுக்கென்று வாங்கிகள் இருக்கு. முதலாம் வகை (சி.பி.1) கூடுதலாக மூளையில், இரண்டாம் வகை (சி.பி.2) கூடுதலாக நிர்ப்பீடனக் கலங்களில். தோலில் இரண்டும் இருக்கு. தோல்கலங்கள் ஆனந்தமைட்டைத் தாங்களே செய்கின்றன. அழற்சி எல்லை மீறாமல் கட்டுப்படுத்துகிற ஏற்பாடுகளில் இதுவும் ஒன்று. இன்னொரு வாங்கியும் இந்தக் கதையில் வருகிறது: பச்சை மிளகாய் வெட்டின கை எரிகிறதே, அந்த எரிவை உணர்கிற வாங்கி. சி.பி.டி. அதிலும் போய் வேலை செய்கிறது.

2007இல் ஜேர்மனியின் பொன் நகரில் நடந்ததைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அன்ட்ரியாஸ் சிம்மரின் ஆய்வுகூடத்தில், இந்த இரண்டு வாங்கிகளும் இல்லாமல் பிறக்கவைத்த சுண்டெலிகளை வளர்த்தார்கள். அடையாளத்துக்குக் காதில் நிக்கல் கலந்த சின்ன உலோக வில்லை குத்துவது வழக்கம். சாதாரண எலிகளுக்கு ஒன்றும் நடக்கவில்லை. வாங்கி இல்லாத எலிகளில் பலதுக்குக் காது புண்ணாகியது. கவரிங் தோடு போட்டால் எங்களில் சிலருக்குக் காது சிவந்து கடிக்கும், நீர் வடியும்; அதே நிக்கல் ஒவ்வாமைதான் இதுவும். அதைப் பிடித்துக்கொண்டு மேலும் பரிசோதித்தார்கள். வாங்கிகளை மருந்தால் அடைத்தால் ஒவ்வாமை கூடியது, ரி.எச்.சி.யைத் தோலில் பூசினால் குறைந்தது. தேடிப்போன விசயம் அது இல்லை. எலியின் காதைக் கவனித்துப் பார்த்ததால் கிடைத்தது.

2014இல் ஹங்கேரியின் டெப்ரெட்சென் நகரில் தமாஷ் பீரோவின் குழு, மனிதத் தோலின் எண்ணெய்ச் சுரப்பிக் கலங்களில் சி.பி.டி. எண்ணெய்ச் சுரப்பையும் அழற்சியையும் குறைக்கிறது என்று காட்டியது. முகப்பருவுக்கு சி.பி.டி. என்கிற இன்றைய விளம்பரங்களின் வேர் பெரும்பாலும் இங்கேதான்.

கண்ணாடித் தட்டில் இருந்து முகத்துக்கு

ஆனால் கண்ணாடித் தட்டில் வளர்த்த கலம் வேறு, எங்கட முகம் வேறு. இடையில் தோல் என்ற சுவர் இருக்கு. கன்னாபினொயிட்டுகள் எண்ணெயில் கரைகிறவை, தண்ணீரில் கரையாதவை. தோலின் மேற்படைக்குள் இலகுவாகப் புகுந்து அங்கேயே தங்கிவிடும், ஆழத்துக்குப் போவது கடினம். மேல்தோலில் வேலை வேண்டுமென்றால் இது நல்லது. போதை இரத்தத்துக்குள் பெரிதாகப் போகாது. ஆழத்தில் வேலை வேண்டுமென்றால் வெறும் கிறீம் காணாது.

பற்றீரியாவிலும் இப்படித்தான். 1976இல் நெதர்லாந்தில் இரண்டு ஆய்வாளர்கள் ஒலொமோட்ஸ் முடிவைச் சரிபார்த்தார்கள். ரி.எச்.சி.யும் சி.பி.டி.யும் ஸ்ரபிலோகொக்கஸைத் தடுத்தது உண்மை. ஆனால் இரத்தமோ அதன் சீரமோ கலந்தால் சக்தி வெகுவாகக் குறைந்தது. பூசலாம், ஊசியாக ஏற்றிப் பயனில்லை என்று விளங்கியது. செக் மருத்துவர்கள் களிம்பாகச் செய்தது தற்செயலாகவேனும் சரியான வழி.

மனிதரில்? 2005இல் போலந்தில் சிறுநீரகம் செயலிழந்து இரத்தச் சுத்திகரிப்புச் செய்கிற 21 பேருக்கு, ஆனந்தமைட்டும் அதன் உறவுப் பொருளான பி.இ.ஏ.யும் கலந்த கிறீம் கொடுத்தார்கள். இது செடியில் இருந்து எடுத்தது இல்லை, ஆனால் வேலை செய்யும் பாதைகள் நெருங்கியவை. மூன்று கிழமையில் 8 பேருக்குக் கடி முழுதாக நின்றது. சிறுநீரக நோயாளிகளுக்கு இரவிரவாகக் கடிக்கிற தோல் எவ்வளவு கொடுமை என்பது எங்கட பக்கத்துக் குடும்பங்களுக்குத் தெரியும். நொக்ஸ் தண்ணீர் குடித்துக் காய்ச்சலில் கிடந்த அநுராதபுரப் பக்கமும் வவுனியாவும் இண்டைக்குச் சிறுநீரக நோயால் அறியப்படுகிற இடங்கள். 2008இல் ஜேர்மனியில் எக்சிமா உள்ள 2,456 பேர் பி.இ.ஏ. கிறீமைப் பாவித்து, கடியும் வறட்சியும் குறைந்ததாகச் சொன்னார்கள்.

இரண்டிலும் ஒரு குறை. ஒப்பிட வேறொரு குழு இல்லை. நல்ல ஈரப்பதக் கிறீமை ஒழுங்காகப் பூசினாலே எக்சிமா குறையும். குறைத்தது மருந்தா, கிறீமா?

இந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்டது 2019இல் முடிந்த முகப்பருப் பரிசோதனை ஒன்று. ஓர் அவுஸ்திரேலிய நிறுவனம் 368 பேரைக் குழுக்களாகப் பிரித்து, சிலருக்கு சி.பி.டி. கலந்ததும் மற்றவர்களுக்கு சி.பி.டி. இல்லாததும் 12 கிழமை கொடுத்தது. சி.பி.டி. பூசினவர்களுக்கு முகப்பரு குறைந்தது. மருந்தில்லாத வெறும் கலவை பூசினவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு குறைந்தது. பரிசோதனை தன் இலக்கை எட்டவில்லை. கால் ஆணிக் குப்பியில் நூறு வருடமாக ஆரும் கேட்காமல் விட்ட கேள்வி இதுதான்: கஞ்சாவை எடுத்துவிட்டால் என்ன நடக்கும்?

அதுக்காக எல்லாம் பொய் என்று சொல்ல வரவில்லை. ஒரு அளவு, ஒரு கலவை, ஒரு நோய், அதில் தோற்றது. எக்சிமாவுக்கும் கடிக்கும் முறையான பெரிய பரிசோதனைகள் இன்னும் வேண்டும். அறுபது வருடம் பூட்டிக் கிடந்ததால் இப்ப நடக்க வேண்டிய வேலை 1960களில் நடந்திருக்க வேண்டிய வேலை. அந்த இடைவெளியைத்தான் விற்பனைக்காரர் வந்து நிரப்பினார்கள். அமெரிக்காவில் 2022இல் வெளியான ஓர் ஆய்வு, பூசுகிற சி.பி.டி. பொருட்கள் 105ஐ வாங்கிப் பரிசோதித்தது. சி.பி.டி. அளவைப் போட்டிருந்தவற்றில் கால்வாசியில்தான் சொன்ன அளவு சரியாக இருந்தது. மூன்றில் ஒன்றுக்கு மேற்பட்டதில் ரி.எச்.சி.யும் இருந்தது.

எங்கட பக்கம்

இலங்கையில் ஆயுர்வேத, சித்த மருத்துவர்கள் சில மருந்துகளுக்குச் சட்டப்படி கஞ்சா பாவிக்கலாம். ஆனால் அந்தக் கஞ்சா வருகிறது நீதிமன்றங்களில் இருந்து. வழக்கு முடிந்த பிறகு கைப்பற்றிய பொதி மருந்துக்குப் போகிறது. மருத்துவர் கைக்கு வரும்போது அது நாலைந்து வருடம் பழசாகி வீரியம் இழந்துவிடுகிறது என்று 2017இல் அப்போதைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்னவே சொன்னார். இரசாயனமும் அதைத்தான் சொல்கிறது: காற்றும் வெளிச்சமும் பட்டு ரி.எச்.சி. காலப்போக்கில் வேறொரு பொருளாக மாறிவிடும். ஆர் வளர்த்தது, என்ன மருந்து அடித்தது, எப்ப வெட்டினது என்று தெரியாத ஒரு பொதியில் இருந்து ஒரே தரமான மருந்தை எந்த வைத்தியராலும் செய்ய ஏலாது. மறுபக்கம், ஏற்றுமதிக்கு மட்டும் என்று சொல்லி வெளிநாட்டு முதலீட்டாளர் கஞ்சா வளர்க்க அரசு அண்மையில் இடம் கொடுக்கத் தொடங்கியிருக்கிறது. டொலருக்கு வளரலாம், உள்ளூர் ஆய்வுக்குப் பழைய பொதிதான் என்றால் அந்தக் கொள்கையை நாங்கள் கேள்வி கேட்கத்தான் வேண்டும்.

கைதடியிலும் திருகோணமலையிலும் சித்த மருத்துவம் பல்கலைக்கழகப் பாடமாக இருக்கு. ஏட்டில் உள்ள பூச்சு மருந்தை அளவு தெரிந்த நல்ல மூலப்பொருளில் செய்து, கஞ்சா இல்லாத அதே பூச்சோடு ஒப்பிட்டுப் பார்க்கிற ஆய்வை எங்கட பிள்ளைகள் செய்யலாம். வேலை செய்தால் நல்லது. செய்யவில்லை என்றால் அதையும் எழுதலாம். ‘எங்கட ஆக்கள் அப்பவே கண்டுபிடித்துவிட்டார்கள்’ என்று பேஸ்புக்கில் போடுவதை விட அது பெரிய மரியாதை.

அதுவரைக்கும், கரப்பானும் கடியும் உள்ள ஆக்களுக்கு: இதை எழுதும் வரைக்கும் தோல் நோய்க்கென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் எந்தக் கஞ்சாப் பூச்சையும் அங்கீகரிக்கவில்லை. ஆராவது ஒரு குப்பியைக் கொண்டுவந்து தந்தால் மூன்று விசயம் கேளுங்கோ. உள்ளே என்ன இருக்கு, எவ்வளவு இருக்கு, எதோட ஒப்பிட்டுப் பார்த்தது? மறுமொழி இல்லையென்றால் வாங்க வேண்டாம். இங்கே அதை வைத்திருப்பது சட்டச் சிக்கலையும் கொண்டுவரலாம். அதைவிட, பாமசியில் சீட்டில்லாமல் வாங்கி மாதக்கணக்கில் முகத்தில் பூசுகிற ஸ்டீரொயிட் கிறீம்களால் தோல் மெலிந்து, சிவந்து, பரு கூடின ஆட்கள் எங்களைச் சுற்றியே இருக்கிறார்கள். கடி தாங்க ஏலாமல்தான் பலபேர் அதில போய் விழுகிறார்கள். எக்சிமாவுக்கு வாசனையில்லாத சாதாரண ஈரப்பதக் கிறீமை நாளுக்கு இரண்டு தரம் பூசுவதும், அரச ஆஸ்பத்திரியின் தோல் கிளினிக்குக்கு ஒருக்காப் போய்க் காட்டுவதும் இப்போதைக்குக் கையில் இருக்கிற நல்ல வழி.